பெற்றோரின் கையொப்பம்

ஆண்டுதோறும் எங்கள் பாடசாலையின் ஆறாந் தரத்துப் பெண்பிள்ளைகள் வீட்டுக்கு ஒரு கடிதம் கொண்டுபோகின்றனர். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியை உங்கள் மகளுக்கு ஏற்ற விரும்புகின்றோம், சம்மதமாயின் கையொப்பமிட்டு அனுப்புக என்பதே அதன் சாரம். 2017ஆம் ஆண்டிலே இத் தடுப்பூசி இலங்கையின் தேசிய தடுப்பூசித் திட்டத்திற் சேர்ந்தது. ஆறு மாத இடைவெளியில் இரு முறை ஏற்றுவதென அன்று வகுக்கப்பட்டது. கடிதங்களிற் பெரும்பாலானவை மறுநாளே திரும்பி வந்துவிடும். சில வருவதில்லை. வராத அந்தச் சில கடிதங்களைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

கடிதம் வராத வீட்டார் மூடர் என்று எண்ணுதல் தகாது. ஒன்றும் வாசியாமற் கையொப்பமிடுகின்ற தகப்பனைக் காட்டிலும், இருமுறை வாசித்துவிட்டு யோசனையோடு பாடசாலைக்கு வருகின்ற தாயை நான் மதிக்கின்றேன். அவ்வாறு வந்த ஒரு தாய், அலுவலக அறைக் கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில், “சேர், பிள்ளை இன்னும் பெரியபிள்ளையாகேல்லை. இப்பவே இந்த ஊசி என்னத்துக்கு?” என்று கேட்டார். இக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. ஒன்று வைத்தியஞ் சார்ந்தது. மற்றையது மானஞ் சார்ந்தது. இரண்டுக்கும் விடை கூறுதல் வேண்டும்.

முதலில் நோயைப் பார்ப்போம். கருப்பையின் வாயிற்புறமாகிய கழுத்திலே தோன்றும் இப் புற்றுக்குக் காரணம் மனித பப்பிலோமா வைரசு என்னும் நுண்கிருமி. இதனை அறிவதற்கு உலகம் நெடுங்காலம் எடுத்தது. 1842ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு வெரோனா நகரைச் சேர்ந்த றிகோனி ஸ்ரேர்ண் என்னும் மருத்துவர், அந்நகரத்து மரணப் பதிவுகளை ஆராய்ந்து, கருப்பைப் புற்றுநோய் மணமான மாதரிடத்தே மிகுதியாகவும் கன்னியாஸ்திரிகளிடத்தே குறைவாகவும் இருக்கக் கண்டார். கண்டாரேயன்றிக் காரணத்தை அறிந்தாரல்லர். அதன்பின் ஏறக்குறைய நூற்று நாற்பது ஆண்டுகள் சென்றன. 1983இலும் 1984இலும் ஜேர்மனியிலே ஹரால்ட் சூர் ஹவுசன் என்பவரும் அவருடைய குழுவினரும் இவ் வைரசின் 16ஆம், 18ஆம் வகைகளைப் புற்றுக் கட்டிகளுக்குள்ளேயே கண்டுபிடித்தனர். இக் கண்டுபிடிப்புக்காக 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உலகில் நிகழும் கருப்பைக் கழுத்துப் புற்றுக்களில் நூற்றுக்கு எழுபது வரை இவ்விரு வகைகளாலேயே உண்டாகின்றன.

இந்த இடத்தில் ஒரு பெண்மணியின் பெயரைச் சொல்லாமற் போக எனக்கு மனம் வரவில்லை. ஹென்றியேற்றா லக்ஸ் என்பது அவர் பெயர். அமெரிக்காவின் பால்ரிமோர் நகர வைத்தியசாலையில் 1951ஆம் ஆண்டு இதே நோயால் இறந்தார். ஐந்து பிள்ளைகளின் தாய், வயது முப்பத்தொன்று. அவருடைய கட்டியிலிருந்து எடுத்த உயிரணுக்கள் ஆய்வுகூடத்தில் இறவாது பெருகின. இன்றும் பெருகிக்கொண்டிருக்கின்றன. போலியோத் தடுப்பு மருந்தைச் சோதிக்க அவை உதவின. சூர் ஹவுசன் குழுவினர் 18ஆம் வகை வைரசைத் தேடியபோது அவ்வுயிரணுக்களிலும் அது இருக்கக் கண்டனர். ஆயின், அவ்வணுக்களை எடுத்துப் பயன்படுத்தலாமா என்று அப் பெண்மணியை எவரும் கேட்கவில்லை. அவர் குடும்பத்தாருக்கும் பல ஆண்டுகள் எவரும் சொல்லவில்லை. கேளாமற் செய்தல் என்ற இவ் விடயம் பின்னரும் வரும்; அப்போது இதனை நினைவிற் கொள்க.

இனி, அந்தத் தாயின் முதற் கேள்வி. ஏன் இத்துணை இளவயதில்? இவ் வைரசு மிகமிகச் சாதாரணமானது. இல்லறத்தில் ஈடுபடும் ஆண், பெண் ஆகியோரிற் பெரும்பாலோரை வாழ்நாளில் ஒருமுறையேனும் தொற்றுவது. அநேகரிடத்தில் ஈராண்டுக்குள் உடலே அதனை விரட்டிவிடும். சிலரிடத்தில் மட்டும் தங்கி, பத்து இருபது ஆண்டுகளின் பின் புற்றாக உருவெடுக்கும். தடுப்பூசியோ வந்துவிட்ட வைரசை வெளியேற்றும் ஆற்றல் இல்லாதது. வருமுன் காப்பது மட்டுமே அதன் தொழில். மாரி பிறக்குமுன் கூரை வேய்வோரைப் பார்த்து, மழையே இல்லையே என்று நாம் கேட்பதில்லை. மேலும், சிறுவயதில் ஏற்றப்படும் ஊசிக்கு உடல் கூடுதலான எதிர்ப்புச் சக்தியைத் தோற்றுவிக்கின்றது. பதினைந்து வயதுக்குப் பின் தொடங்குவோருக்கு மூன்று ஊசிகள் விதிக்கப்பட, அதற்கு முன் தொடங்குவோருக்கு இரண்டு போதும் என்று கொண்டது இக் காரணத்தாலேயே.

ஊசிக்குள் இருப்பது யாது? பலர் அஞ்சுவதுபோல உயிருள்ள வைரசு அன்று. 1991இல் அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் நகரிலே இயன் பிறேசர், ஜியான் சூ என்னும் இருவர், வைரசின் வெளிக்கோதைப் போன்றதொன்றை ஆய்வுகூடத்தில் ஆக்கினர். உள்ளே வித்து இல்லை. பதரை விதைத்தால் நெல் முளையாது. ஆயினும் பதரைக் கண்டவன் நெல்லின் வடிவை அறிந்துகொள்வான். அவ்வாறே நம் உடலும் பகைவனின் உருவை முன்கூட்டியே அறிந்து ஆயத்தமாகின்றது. 2006இல் இத் தடுப்பூசி பாவனைக்கு வந்தது. ஜியான் சூ அதனைக் காணக் கொடுத்துவைக்கவில்லை, 1999இலேயே காலமானார்.

பலன் கண்டதா என்று கேட்பது நியாயமே. சுவீடன் நாட்டில் பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2020இல் வெளியிட்டனர். பதினேழு வயதுக்குமுன் ஊசி ஏற்றியவர்களிடத்தில் இப் புற்று நூற்றுக்கு 88 வீதம் குறைந்திருந்தது. இங்கிலாந்தில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஏற்றியவர்களிடத்தே 87 வீதம் குறைந்ததென 2021இல் அறிந்தனர். ஸ்கொத்லாந்தில் அவ் வயதில் முறையாக ஊசி பெற்ற பெண்களுள் ஒருவருக்கேனும் இப் புற்று முற்றி வந்ததாகப் பதிவில்லை என்று 2024இல் அறிவித்தனர்.

இனி அச்சங்கள். அவற்றை இகழ்ந்து ஒதுக்குதல் ஆகாது. ஜப்பானில் நடந்ததைக் கேளுங்கள். 2013 ஏப்ரலில் அந் நாடு இவ்வூசியைத் தன் திட்டத்திற் சேர்த்தது. ஊசியின் பின் சில பெண்பிள்ளைகளுக்கு நோவும் நடுக்கமும் கண்டதாகப் பத்திரிகைகள் எழுதின; தொலைக்காட்சியும் காட்டியது. இரண்டே மாதத்தில், ஜூனிலே, அரசு தன் பரிந்துரையை நிறுத்திக்கொண்டது. எழுபது வீதமளவில் இருந்த ஊசியேற்றம் ஒரு வீதத்துக்குங் கீழே போயிற்று. பின்னர் நகோயா நகரத்தார் ஏறத்தாழ முப்பதாயிரம் இளம்பெண்களிடம் இருபத்துநான்கு வகை நோய்க்குறிகளைப் பற்றி விசாரித்தனர். ஊசி ஏற்றியோர்க்கும் ஏற்றாதோர்க்கும் இடையே ஊசியின்மேற் பழிபோடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. பரிந்துரை மீண்டது 2022 ஏப்ரலில். இடையிற் கழிந்த ஒன்பது ஆண்டுகளில் வளர்ந்துவிட்ட பெண்பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். அப் பெற்றோர் தீங்கு செய்ய நினைத்தவர்களா? மகளின் நலம் கருதியே மறுத்தார்கள். மறுப்பதும் ஒரு முடிவுதான். அதற்கும் ஒரு விலை உண்டு. அந்த விலை இருபது ஆண்டு கழித்தே கேட்கப்படுவதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஊசியினால் ஒரு தொல்லையும் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கை நோகும், சிறிது வீங்கும், சிலருக்குக் காய்ச்சலும் தலையிடியும் வரும். இவ் வயதுப் பிள்ளைகள் எந்த ஊசிக்கும் மயங்கி விழக்கூடியவர்கள். வரிசையில் முதற்பிள்ளை மயங்கினால் ஐந்தாம் பிள்ளையும் மயங்குவதை நான் கண்டிருக்கின்றேன். அதனாலேயே ஏற்றியபின் கால்மணி நேரம் இருத்தி வைக்கின்றார்கள். கடும் ஒவ்வாமை மிக அரிதாக நேரலாம். முன்பு ஏதேனும் ஊசிக்கோ மருந்துக்கோ அவ்வாறு நேர்ந்திருப்பின் வைத்திய அதிகாரிக்கு முன்னரே சொல்லிவிடுதல் வேண்டும். மலடாக்கும் என்னும் வதந்திக்கு ஆதாரம் இல்லை. கருப்பையை அகற்ற வேண்டிய நிலைக்குப் பல பெண்களைக் கொண்டுவருவது அந் நோயே.

மற்றொரு சம்பவம், அதிபர் என்ற முறையில் என்னை மிகவும் உறுத்துவது. 2009இல் இந்தியாவின் ஆந்திரப் பிரதேசத்துக் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதரா மாவட்டத்திலும் இவ்வூசியை ஒரு செயல்விளக்கத் திட்டமாக இருபதாயிரத்துக்கு மேற்பட்ட சிறுமியருக்கு ஏற்றினர். அவர்களுள் எழுவர் இறந்தனர். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. விசாரணை நடந்தது. ஒரு பிள்ளை நீரில் மூழ்கியது; ஒரு பிள்ளையைப் பாம்பு தீண்டியது; பூச்சிமருந்து குடித்த மரணமும் அவற்றுள் இருந்தது. ஊசிக்கும் அம் மரணங்களுக்கும் தொடர்பு காணப்படவில்லை. ஆயின் வேறொன்று வெளிப்பட்டது. விடுதிகளிற் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள் பலருக்காகச் சம்மதப் பத்திரத்திற் கையொப்பமிட்டவர்கள் பெற்றோர் அல்லர். விடுதிக் காப்பாளரும் தலைமையாசிரியருமே. பால்ரிமோரில் நிகழ்ந்தது கம்மத்தில் வேறுருவில் நிகழ்ந்தது. மருந்து நல்லதாயிருந்தும் கேளாமற் செய்தமையால் ஊரின் நம்பிக்கை கெட்டது. ஆதலின், திரும்பி வராத கடிதத்திலே நான் ஒருபோதும் கையொப்பமிடேன். வீட்டாரை அழைத்துப் பேசுவேன். அவர்கள் மறுத்தால் மறுத்ததே.

மானஞ் சார்ந்த கேள்விக்கு வருகின்றேன். ஆண் பெண் உறவினாற் தொற்றும் நோய் என்றவுடன், இவ்வூசி ஏற்றுதல் மகளைச் சந்தேகிப்பது போலவோ, அவளுக்கு அனுமதிச் சீட்டுக் கொடுப்பது போலவோ சிலருக்குத் தோன்றுகின்றது. இத் தொற்று ஒழுக்கங் கெட்டவர்க்கு மட்டும் வருவதன்று. ஒருவனையே மணந்து, அவனன்றி வேறொருவரை அறியாத பெண்ணுக்கும் வரும். கணவன் மூலம் வரும். அவனுக்கு நோய்க்குறி ஒன்றும் இராமையால் அவனும் அறியான். அவுஸ்திரேலியாவில் 2013 முதல் ஆண்பிள்ளைகளுக்கும் இவ்வூசியை ஏற்றுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. 1996இல் நம் நாட்டில் ருபெல்லாத் தடுப்பூசியைப் பெண்களுக்கு ஏற்றத் தொடங்கியபோது, பிறவாத குழந்தையின் கண்ணையும் செவியையும் காப்பதற்காக என்று விளங்கிக்கொண்டோம். தாய்மையை முன்னிட்ட ஊசியை ஏற்றுக்கொண்ட நாம், தாயையே காக்கும் ஊசிக்கு முகஞ் சுளிப்பது பொருந்துமா?

கதவைச் சாத்திப் பேசிய அந்தத் தாயின் கணவர் கட்டாரில் வேலை செய்பவர். தொலைபேசியிற் கேட்டதற்கு, “நீ யோசிச்சுச் செய்” என்று சொல்லிவிட்டாராம். பொறுப்பு முழுவதும் அவர்மேல் விழுந்தது. ஒரு கிழமை கழித்து மீண்டும் வந்தார். இடையில் தம் பெரியம்மாவிடம் விசாரித்திருக்கின்றார். தம்முடைய தாயார் நாற்பத்தாறு வயதில் ‘வயிற்றுக் கட்டி’யால் இறந்தார் என்றே அதுவரை அறிந்திருந்தார், அது வயிற்றுக் கட்டியன்று, இந்நோயே என்று பெரியம்மா அன்றுதான் வாய் திறந்தாராம். இருபது ஆண்டுகளாக அவ் வீட்டில் நோயின் பெயரைச் சொல்ல ஒருவருக்கும் நா எழவில்லை. அவர் என் மேசையில் வைத்துக் கையொப்பமிட்டார். பின்பு, “பிள்ளைக்கு என்ன சொல்லிக் கூட்டிக்கொண்டு வாறது, சேர்?” என்று கேட்டார்.

நல்ல கேள்வி. பதினொரு வயதுப் பிள்ளைக்கு எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை; பொய் சொல்லவும் வேண்டியதில்லை. பெரியவளான பின் பெண்களுக்கு வரக்கூடிய ஒரு புற்றுநோயைத் தடுக்கும் ஊசி இது, கொஞ்சம் நோகும், அம்மம்மாவுக்கு இந்த நோய் இருந்தது என்று சொன்னாற் போதும் என்றேன். பிள்ளைகள் நாம் நினைப்பதினும் நன்றாக விளங்கிக்கொள்கின்றனர். அவர்கள் அஞ்சுவது ஊசிக்கன்று, காரணஞ் சொல்லாத முகங்களுக்கு.

சாமத்தியச் சடங்குக்கு நாள் பார்த்து, மண்டபம் பேசி, சேலை எடுத்து மாதக் கணக்கில் ஆயத்தஞ் செய்கின்ற சமூகம் எங்களுடையது. அதைக் குறை கூறவில்லை. என் மகளுக்கும் செய்தேன். அதே ஆண்டுகளில் வந்து சேரும் இக் கடிதத்துக்கு ஒரு மாலைப்பொழுதாவது ஒதுக்குதல் கூடும். கணவனும் மனைவியும் இருந்து வாசியுங்கள். விளங்காதவற்றைக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ, சுகாதார வைத்திய அதிகாரியிடமோ கேளுங்கள். கைத்தொலைபேசியில் மைத்துனர் அனுப்பிய செய்தியை அவர்களிடமே காட்டிக் கேட்டாலும் குற்றமில்லை.

தாய்மாருக்கு ஒன்று. இவ்வூசி வைரசின் எல்லா வகைகளையும் தடுப்பதன்று. மகள் வளர்ந்தபின்னும் பரிசோதனை வேண்டும். ஊசி கிடையாத தலைமுறையினராகிய உங்களுக்கு அப் பரிசோதனையே காவல். முப்பத்தைந்து வயதடைந்த பெண்களுக்காக வெல் வுமன் கிளினிக்குகள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் இலவசமாக நடைபெறுகின்றன. சில நிமிடங்களில் முடியும் சோதனை. மகளின் கடிதத்திற் கையொப்பமிடும் அன்றே உங்கள் கிளினிக் நாளையும் கேட்டுக் குறித்துவையுங்கள்.

ஊசி ஏற்றும் தினத்தன்று பிள்ளையை வெறுவயிற்றோடு அனுப்பவேண்டாம். இரண்டு இடியப்பமாவது சாப்பிட்டு வரட்டும். கைக்கு இறுக்கமில்லாத சட்டை நல்லது. சுகாதாரப் பதிவேட்டையும் புத்தகப் பையில் வைத்துவிடுங்கள். இரண்டாம் ஊசி இருப்பின் அதற்குரிய திகதியை அதிலேதான் எழுதுவார்கள்.