ஒரு வரி
(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் பேராசிரியன் இல்லை. நன்னடத்தை அலுவலராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வேலைப்பளு, தன்னம்பிக்கை பற்றிப் பேசச் சொன்னீங்க. பளு என்றால் எல்லோரும் ஃபைல் கட்டைக் காட்டுவாங்க. என்னை அழுத்தியது ஒரு வரி.

1958ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் என்ன சொல்லுது? ஆயுள் தண்டனைக்கு உரியதல்லாத குற்றத்தில், 21 வயதுக்குட்பட்டவனைச் சிறைக்கு அனுப்புமுன் நீதிமன்றம் எங்கள் அறிக்கையைக் கேட்க வேண்டும். குணம், வீடு, சூழ்நிலை எல்லாம் விசாரித்து எழுதணும். அறிக்கை இரகசியம், நீதிமன்றம் மனசு வைத்தால்தான் அதன் சாரம் பையனுக்கே தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பம்புசெட் ஒயர் திருடியதாகச் சேரிப் பையன் மீது வழக்கு. ஊருக்குள் போய் விசாரித்தேன். நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, 'அந்தத் தெருப் பசங்களே அப்படித்தான் சார்' என்றார்கள். நானும் சேரியில் பிறந்தவன். அது தெரிந்துவிடுமோ என்ற பயத்தோடே மோரைக் குடித்தேன். சேரிக்குள் போகவில்லை. நல்லவிதமாக எழுதினால் 'தன் ஆளுக்குப் பரிஞ்சு எழுதிட்டான்' என்று ஆபீசில் பேசுவாங்களே! 'விசாரித்ததில் நல்ல அபிப்பிராயம் இல்லை' என்று எழுதினேன். பையன் ஜெயிலுக்குப் போனான். எனக்குத் தூக்கம் போச்சு.

இதை மன அழுத்தம் என்று வகுப்பு எடுத்து, மூச்சுப் பயிற்சி சொல்லித் தர்றாங்க. மூச்சு இழுத்து விட்டால் அந்த வரி அழியுமா?

ஒரு கூட்டத்தையே பிறவிக் குற்றவாளி என்ற குற்றப்பரம்பரைச் சட்டம் 1871இல் வந்தது, 1952இல் நீக்கப்பட்டது. என் பேனாவுக்குள் அது நீக்கப்படாமலே இருந்திருக்கிறது.

அடுத்த வழக்கில் நேரே சேரிக்குப் போனேன். பையனின் அம்மாவோடு தரையில் உட்கார்ந்து கேட்டேன். நடவுக் கூலி, பாதியில் நின்ற படிப்பு, வட்டிக் கடன் எல்லாம் எழுதினேன். ஊரார் சொன்னதையும் எழுதி, பக்கத்திலேயே 'இவர்களுக்குத் தெருவைத் தெரியும். பையனைத் தெரியாது' என்று எழுதினேன். கை நடுங்கியது. தன்னம்பிக்கை வந்து நான் எழுதலை தோழர்களே, எழுதிய பிறகுதான் கொஞ்சம் வந்தது.

நம்ம பையன் மீது வழக்கு வந்தால் வக்கீலிடம் கேளுங்க: 6ஆம் பிரிவுப்படி அறிக்கை கேட்டாங்களா? அலுவலர் எந்தத் தெருவில் விசாரிச்சார்? நாளை உங்களில் ஒருவரே அந்த வேலைக்கு வரலாம். மோர் குடிக்கும் முன்னே சேரிக்குப் போய் வாங்க.