திரை கறுத்தால் சர்வர் நின்றுவிட்டதா?



சான்றிதழுக்கு விண்ணப்பிக்க செல்போனை எடுக்கிறீங்க. "சர்வர் இப்போது இயங்கவில்லை"ன்னு வருது. "அங்கே என்னதான் பண்றாங்க?" என்று கோபம் வரும். நியாயம்தான். அந்த நேரத்தில் எங்கள் பக்கம் நடப்பதைச் சொல்கிறேன்.

சர்வர் இருப்பது ஒரு ஊர். அதைப் பார்த்துக்கொள்ளும் நாங்கள் இருப்பது வேறு ஊர். ரீஸ்டார்ட் செய்தால் அது எழும்போது, மெமரி இவ்வளவு, டிஸ்க் கிடைத்தது, நெட்வொர்க் வந்தது என்று வரிவரியாகச் சொல்லும். இவைதான் பூட் மெசேஜ்.

ஒருமுறை அதில் ஒரு வரிகூட எனக்கு வரவில்லை. திரை முழுக்கக் கறுப்பு. பத்து நிமிஷம் ஆச்சு. "பவரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிடலாம் சார்" என்றார் உடன் இருந்தவர். நல்ல வேளை, பொறுத்தோம். சர்வர் தானாகவே எழுந்தது. லாக்கைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அத்தனை நேரமும் அது டிஸ்க்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தது. நடுவில் பவரை நிறுத்தியிருந்தால் உங்கள் விண்ணப்பங்களே கெட்டுப்போயிருக்கலாம்.

அப்போ மெசேஜ் எங்கே போச்சு? சர்வரோடு மாட்டிய மானிட்டருக்குப் போனது. தொலைவிலிருந்து நாங்கள் பார்ப்பதோ சீரியல் போர்ட் வழியாக. இதுபோன்ற நேரத்தில் லினக்ஸ் சர்வரில் நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும்.

1. பூட் அமைப்பில் 'கன்சோல்' என்ற இடத்தில் சீரியல் போர்ட்டின் பெயர் இருக்கிறதா? மானிட்டர், சீரியல் இரண்டையும் எழுதினால் கெர்னல் மெசேஜ் இரண்டிலும் வரும். சர்வீஸ்கள் தொடங்கும் மெசேஜ், கடைசியாக எழுதியதில்தான் வரும். எனவே சீரியல் கடைசியில் இருக்கட்டும்.

2. இரண்டு பக்கமும் வேகம் ஒன்றா? பெரும்பாலும் 115200. மாறினால் குப்பை எழுத்துகள் வரும்.

3. 'கொயட்' என்ற சொல் இருந்தால் எடுத்துவிடுங்கள். பெரும்பாலான மெசேஜ்களை அது மறைத்துவிடும்.

4. லாக், டிஸ்க்கில் சேமிக்கப்படுகிறதா? இல்லையென்றால் அடுத்த ரீஸ்டார்ட்டில் பழையது போய்விடும்.

எங்களுக்குக் கிடைத்த பாடம் உங்களுக்கும் உதவும். பணம் கட்டும்போது திரை அப்படியே நின்றால், உடனே மறுபடி கட்டாதீங்க. முதலில் வங்கி எஸ்எம்எஸ்ஸையும் விண்ணப்ப நிலையையும் பாருங்க. திரையில் எதுவும் வராததால் உள்ளே வேலை நடக்கவில்லை என்று அர்த்தமில்லை.