ஆட்டோகிராப் நோட்டு



தமிழ்நாட்டில் பிளஸ் டூ படிப்பு வந்தது 1978இல். முதல் செட் மாணவர்கள் 1980இல் பரீட்சை எழுதினார்கள். அப்புறம் கம்பம் பள்ளத்தாக்கில் மார்ச் மாதம் என்றாலே ஆட்டோகிராப் நோட்டுக் காலம்தான்.

கடைசிப் பரீட்சை முடிந்ததும் பேனாவை உதறுவார்கள். வெள்ளைச் சட்டையெல்லாம் நீலப் புள்ளி. கோம்பைக்கும் தேவாரத்துக்கும் பஸ் ஏறினால், "சீட்டுல சாயாதீங்கப்பா, மை ஒட்டும்!" என்று கண்டக்டர் சத்தம் போடுவார்.

உத்தமபாளையத்தில் ஒரு பையன், தமிழய்யாவிடம் நோட்டை நீட்டினான். "ஆயுசுக்கும் மறக்காத மாதிரி எழுதுங்கய்யா." அய்யா யோசித்து எழுதினார்: "நன்றாக இரு. லைப்ரரிப் புத்தகம் ரெண்டு உன்னிடம் இருக்கிறது. கொண்டுவந்து கொடு."

பையனுக்கு இப்போது சின்னமனூர்ப் பக்கம் வாழைத்தோட்டம். நோட்டு இன்னும் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. கூடவே, அந்த ரெண்டு புத்தகத்தில் ஒன்றும்!

வாங்கிய மார்க் மறந்துபோகும். உரிமையோடு கண்டித்த ஆசிரியரும், தோளில் கைபோட்டு நடந்த சிநேகிதனும் மறப்பதில்லை. உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஒரு நோட்டு இருக்கும். இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அதில் எழுதிய ஒருவருக்காவது போன் போட்டு, "நல்லா இருக்கீங்களா?" என்று கேளுங்கள்.