அருளுக்கு ஏற்ற வழிபாடு



இக்காலப் பிள்ளைகள் கைப்பேசியில் மாய உலக விளையாட்டுகளை விளையாடுகிறார்கள். அவ்வுலகங்களில் தெய்வங்களும் உண்டு. உயிர்களைக் காக்கும் அன்புத் தெய்வம் என்று ஒன்றைக் காட்டிவிட்டு, அதன் பீடத்தில் ஓர் உயிரைப் பலியிட்டால் வலிமை கிடைக்கும் என்று விதி வைத்தால், "இது எப்படிப் பொருந்தும்?" என்று அறிவுள்ள பிள்ளை கேட்கும். அந்த விதியை வகுத்தவர் விளையாட்டை அமைத்த மனிதர். அதே கேள்வியை நம் கோயில் திருவிழாவில் அப்பிள்ளை கேட்டால், நாம் என்ன விடை சொல்வோம்?

காஜாங் வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ஆயினும் மாரியம்மனும் முனியாண்டியும் நம்மோடு இருக்கின்றனர். நம் முன்னோர் காட்டை அழித்துத் தோட்டம் போட்ட நாளில் மலேரியாக் காய்ச்சல் பலரைக் கொண்டுபோயிற்று. அம்மை நோய் அச்சுறுத்தியது. மருத்துவமனை தொலைவில் இருந்தது. ஆகவே ஆடும் கோழியும் நேர்ந்துகொண்டார்கள். அவர்களை நாம் இகழலாகாது. பலியிட்ட கறியை லயத்து வீடுகளுக்கெல்லாம் பங்கிட்டு உண்ட ஒற்றுமையும் போற்றத்தக்கதே.

ஆனால், பெரியம்மை உலகைவிட்டே ஒழிந்தது என்று உலகச் சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்துவிட்டது. அச்சம் போனபின்னும் அச்சத்தில் பிறந்த வழக்கம் எதற்கு?

"நாம் இறைச்சி உண்கிறோமே, உண்பதைத்தானே படைக்கிறோம்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நாம் உண்பது நம் பசிக்காக, நம் நாவுக்காக. அதற்கு நாமே பொறுப்பு. அந்தப் பொறுப்பைத் தாயின்மேல் சுமத்தி, "அவள் கேட்டாள்" என்று சொல்வதுதான் பொருந்தவில்லை. எல்லா உயிர்க்கும் தாய் என்றால், அந்த ஆட்டுக்கும் அவள் தாயல்லவா?

சட்டத்தால் மட்டும் இது மாறாது. தமிழ்நாட்டில் கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் சட்டம் 1950இலேயே வந்தது. நெடுங்காலம் அது ஏட்டில் கிடந்தது. 2003இல் அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த அரசு ஆணையிட்டது. சிற்றூர் மக்களின் எதிர்ப்பு எழுந்தது. 2004இல் சட்டமே நீக்கப்பட்டது. மனம் மாறாத இடத்தில் ஆணை நிலைப்பதில்லை.

மனம் மாறும் வழியை நம் மரபே காட்டியிருக்கிறது. நீற்றுப்பூசணியை வெட்டிக் குங்குமம் தடவுகிறோமே, அது எதற்கு? உயிருக்குப் பதிலாகக் காயைக் கொடுத்த வழக்கமே அது. வள்ளலார் இராமலிங்க அடிகள் 1867இல் வடலூரில் தருமசாலை நிறுவிப் பசித்தவர்க்குச் சோறிடுவதையே வழிபாடாக்கினார். அங்கே மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது.

"பாட்டி நேர்ந்த கடன் நிற்கிறதே" என்று அஞ்சும் தாய்மார்கள் உண்டு. அம்மன் வட்டிக்குக் கொடுத்தவள் அல்லள். ஆட்டுக்கு வைத்த பணத்தில் பொங்கலிட்டு, கூழ் ஊற்றி, அண்டை அயலாருக்கு உணவிடுங்கள். மீதியில் பிள்ளைக்குப் பாடநூல் வாங்குங்கள். பங்கிட்டு உண்ணும் பழைய ஒற்றுமையும் குறையாது.

தெய்வத்துக்கு எந்தக் குணத்தைச் சொல்லி வணங்குகிறோமோ, அந்தக் குணம் வழிபாட்டிலும் தெரியவேண்டும். பிள்ளைகள் நம் சொல்லைவிட நம் செயலையே பார்க்கிறார்கள்.