ஆஸ்பத்திரியோட புகை எங்க இருக்கு?

மேட்டுப்பாளையத்துலேர்ந்து பேசுறேன். ஊட்டி ரயில் கிளம்புற மேட்டுப்பாளையம் இல்ல. புதுச்சேரியில, ஜிப்மருக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிற நம்ம மேட்டுப்பாளையம்.

இங்க தொழிற்பேட்டை இருக்கு, வரிசையா லாரிங்க நிக்கும். அந்தப் பக்கம் ஜிப்மர். இதுல எது புகை விடுதுன்னு கேட்டா, எல்லாரும் தொழிற்பேட்டையைத்தான் கை காட்டுவோம். ஆஸ்பத்திரி உயிரைக் காப்பாத்துற இடமாச்சே!

ஆனா 2019-ல 'ஹெல்த் கேர் விதவுட் ஹார்ம்' அமைப்பு ஒரு கணக்கு வெளியிட்டாங்க. உலகத்தோட பசுமை இல்ல வாயுக்கள்ல 4.4 சதவீதம் மருத்துவத் துறையால வருது. அந்தத் துறை ஒரு நாடா இருந்தா, கார்பன் வெளியிடுறதுல உலகத்துலயே அஞ்சாவது இடம்.

அதைப் பிரிச்சுப் பார்த்தா இன்னும் சுவாரசியம். ஆஸ்பத்திரி வளாகமும் அதோட வண்டிகளும் நேரடியா விடுறது 17 சதவீதம். வெளியிலேர்ந்து வாங்குற மின்சாரம் மாதிரி விஷயங்கள் 12. மிச்சம் 71 சதவீதம் மருந்து, கையுறை, ஊசி, கருவி, சாப்பாடு, இதையெல்லாம் தயாரிக்கிறது, ஏத்தி இறக்குறது. அதாவது, ஆஸ்பத்திரியோட புகையில பெரும்பங்கு அதோட கேட்டுக்கு வெளியில, ஏதோ ஒரு தொழிற்பேட்டையில, ஏதோ ஒரு லாரியில இருக்கு.

இதைப் புரிஞ்சுகிட்டு உறுதிமொழி கொடுத்தது இங்கிலாந்தோட அரசு மருத்துவ சேவையான என்.ஹெச்.எஸ். 2020-ல சொன்னாங்க: நேரடி உமிழ்வு 2040-க்குள்ள நிகர பூஜ்யம், சப்ளை பண்றவங்களையும் சேர்த்து 2045-க்குள்ள. அவங்க வாங்குற மருந்துல இந்தியத் தயாரிப்பும் நிறைய. அப்போ லண்டன்ல போட்ட கையெழுத்து நம்ம ஊர் ஃபாக்டரி வாசலுக்கும் வந்துதானே ஆகணும்?

சரி, இந்தியா? 2023 டிசம்பர்ல துபாய் காலநிலை மாநாட்டுல, பருவநிலையும் ஆரோக்கியமும் பத்தின பிரகடனத்துல 120-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்தாங்க. இந்தியா சேரல. மருத்துவத் துறையில குளிரூட்டும் தேவை அதிகம், அந்த வாயுக்களைச் சட்டுனு குறைக்க முடியாதுங்கறதுதான் காரணம்னு செய்திகள் வந்துச்சு.

இதை வெறும் சாக்குன்னு நான் சொல்ல மாட்டேன். பெரும்பாலான தடுப்பூசிகளை 2-லேர்ந்து 8 டிகிரிக்குள்ள வைக்கணும். அதே 2019 கணக்குப்படி, மருத்துவத்துக்காக ஒரு அமெரிக்கருக்கு ஆகிற கார்பன் ஒரு இந்தியருக்கு ஆகிறதைப் போல 57 மடங்கு! ஆரம்ப சுகாதார நிலையத்துல இருக்கிற ஒரே ஃப்ரிட்ஜை அணைங்கன்னு சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

ஆனா சிகிச்சையைக் குறைக்காமலே குறைக்கக்கூடியது நிறைய இருக்கு. டெஸ்ஃப்ளூரேன்னு ஒரு மயக்க வாயு. எடைக்கு எடை பார்த்தா கார்பன் டை ஆக்சைடைவிட சுமார் 2,500 மடங்கு பூமியைச் சூடாக்கும். அதுக்கு மாற்று இருக்கு. ஸ்காட்லாந்து 2023-லயே நிறுத்திட்டாங்க. ஆஸ்துமாவுக்கு அழுத்தி அடிக்கிற இன்ஹேலர்ல மருந்தைத் தள்ள ஒரு வாயு இருக்கு, அதுவும் பூமியைச் சூடாக்குற வாயுதான். நம்ம ஊர்ல சாதாரணமா கிடைக்கிற, மாத்திரைக் குப்பியைப் போட்டு இழுக்கிற ரோட்டாஹேலர்ல அந்த வாயுவே இல்ல. (நீங்களா மாத்திடாதீங்க. குழந்தைங்களுக்கும் மூச்சுத் திணறல் அதிகமா இருக்கிறவங்களுக்கும் அது சரிப்படாம போகலாம். டாக்டரைக் கேளுங்க.)

மத்திய சுகாதார அமைச்சகமும் சும்மா இல்ல. பருவநிலை மாற்றமும் மனித ஆரோக்கியமும் பத்தின தேசியத் திட்டம் 2019-லேர்ந்து இருக்கு. எல்.இ.டி. விளக்கு, சோலார், மின்சாரத் தணிக்கைன்னு வழிகாட்டுதல் இருக்கு. நல்லதுதான். ஆனா அதெல்லாம் பெரும்பாலும் கேட்டுக்கு உள்ள நடக்கிற வேலை. 71 சதவீதம் வெளியில இருக்கே!

அதனால என்னோட கோரிக்கை ஒண்ணுதான். அரசு ஆஸ்பத்திரிங்க மருந்துக்கும் பொருளுக்கும் டெண்டர் விடும்போது, விலை, தரம், பக்கத்துலயே கார்பனுக்கும் ஒரு கட்டம் போடுங்க. முதல் வருஷம் எழுதி வாங்கினா மட்டும் போதும். எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தானே எங்க குறைக்கலாம்னு பேச முடியும்?

சர்வதேச மேடையில கையெழுத்து போடாததுக்கு நியாயம் இருக்கலாம். கணக்கே எடுக்காம இருக்கிறதுக்கு என்ன நியாயம்? நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு சொல்லுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.