மஞ்சள் பூ பூத்தாலே கடுகுச் செடியா?

மூத்த குடியிருப்பாளர்களுக்கான சுகாதார உரை



காலையில் நடக்கப் போகும்போது, புளோக்கின் கீழே கால்வாய் ஓரத்திலும் பூந்தொட்டிகளிலும் சின்னஞ்சிறு மஞ்சள் பூக்களோடு ஒரு செடியைப் பார்த்திருப்பீர்கள். அது கடுகுக் குடும்பத்துக் களைச்செடி. தாவரவியல் பெயர் ரோரிப்பா இண்டிகா. சீன மருத்துவத்தில் இருமலுக்கு இதைப் பயன்படுத்துவதுண்டு. இதை அடையாளம் காண்பது எப்படி?

பூ: நான்கு இதழ்கள் கூட்டல் குறிபோல எதிரெதிராக இருக்கும். ஓர் இதழ் ஏறக்குறைய எள் அளவுதான். பூதக்கண்ணாடியில் பார்த்தால் உள்ளே ஆறு மகரந்தத் தாள்கள் தெரியும்: நான்கு நீளம், இரண்டு குட்டை.

காய்: ஊசிபோல மெல்லியது. 1 முதல் 2 சென்டிமீட்டர் நீளம். சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும்.

இலை: அடியிலைகள் பெரியவை, ஓரம் பிளவுபட்டவை. மேலே போகப்போக இலை சிறுக்கும்.

நாம் ஊரில் பார்த்த நாய்க்கடுகுக்கும் நான்கு மஞ்சள் இதழ்கள் உண்டு. விதையும் கடுகைப் போலிருக்கும். ஆனால், அது வேறு குடும்பம். அதன் இலை மூன்று அல்லது ஐந்து சிற்றிலைகளாக விரல்போல விரிந்திருக்கும். தண்டைத் தொட்டால் பிசுபிசுக்கும். வாடை தூக்கலாக இருக்கும். ஐந்து மஞ்சள் இதழ்களும் மூன்று சிற்றிலைகளும் இருந்தால் அது புளியாரை.

சரியாக அடையாளம் கண்டாலும், பறித்துச் சமைக்க வேண்டாம். சாலையோரச் செடியில் களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ பட்டிருக்கலாம். மண்ணிலிருந்து செடி உறிஞ்சிய ஈயம் போன்ற உலோகங்கள் எவ்வளவு கழுவினாலும் போகாது. எலி, நாய் நடமாடும் இடம் என்பதையும் மறக்க வேண்டாம். பொதுப் பூங்காக்களில் அனுமதியின்றிச் செடி பறிப்பது குற்றமும் ஆகும்.

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். கீரைகளில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். கடையில் வாங்கும் கீரையானாலும் திடீரென்று அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். மூலிகை எதுவானாலும் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

தெரியாத செடியைச் சாப்பிட்டு வாந்தி, மயக்கம், மூச்சுத்திணறல் ஏற்பட்டால் 995ஐ அழையுங்கள். வலிய வாந்தி எடுக்க முயல வேண்டாம். மீதமுள்ள செடியைப் பையில் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மருத்துவருக்கு அது உதவும்.

செடியைக் கண்ணால் பார்த்து மகிழுங்கள். கீரையைச் சந்தையில் வாங்கிச் சமையுங்கள்.