கணக்குக்கு இல்ல, நடைக்குத்தான் கரண்ட்

நிறைய பேர் கேட்ட கேள்வி இது: "நியூரல் நெட்வொர்க் ட்ரெயின் பண்றதுன்னா பெருக்கலும் கூட்டலும்தானே? அதுக்கு ஏன் இவ்வளவு கரண்ட்?"

பெருக்கலும் கூட்டலும்தான். ஆனா கரண்ட் அதிகமா போறது அதுல இல்ல. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மார்க் ஹொரோவிட்ஸ் 2014-ல ஒரு கணக்கு காட்டினார். 45 நானோமீட்டர் சிப்பில் இரண்டு 32 பிட் ஃப்ளோட் எண்களைப் பெருக்க சுமார் 3.7 பிகோஜூல் போதும். அதே இரண்டு எண்களை, மொத்தம் 64 பிட், வெளியே இருக்கிற டிராம் மெமரியிலிருந்து எடுத்துவர 1,300 முதல் 2,600 பிகோஜூல். ஒவ்வொரு வெங்காயத்துக்கும் தனித்தனியா கடைக்குப் போய்ட்டு வர்ற மாதிரி. நறுக்குறது சுலபம், நடைதான் கொல்லுது.

ட்ரெயினிங்கில் நடை இன்னும் அதிகம். ஒவ்வொரு லேயரும் கொடுத்த விடையைச் சேர்த்துவைக்கணும். பின்னோக்கித் திருத்திக்கிட்டு வரும்போது அதைத் திரும்ப எடுக்கணும்.

நடையைக் குறைக்க இரண்டு வழி சொல்றேன். முதலாவது, எடுத்துவந்த எண்ணைப் பலமுறை பயன்படுத்துவது. கூகுளின் டிபியு சிப்பில் பெருக்கும் யூனிட்கள் கட்டம் கட்டமா அடுக்கியிருக்கும். ஒரு எண் பக்கத்து யூனிட்டுக்குக் கைமாறிக்கிட்டே போகும், மெமரிக்குத் திரும்பாது. இதுக்குப் பேர் சிஸ்டாலிக் அரே. எச்.டி. குங், சார்ல்ஸ் லைசர்சன் இருவரும் 1970-களின் கடைசியில் முன்வைத்த யோசனை.

இரண்டாவது, எண்ணையே சின்னதாக்குவது. 32 பிட்டுக்குப் பதில் 16 பிட்னா சுமை பாதி. இதுலதான் நான் அடி வாங்கினேன். காலேஜ் கடைசி வருஷ ப்ராஜெக்ட். எல்லாத்தையும் ஃப்ளோட்16-க்கு மாத்திட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காலைல பார்த்தா, லாஸ் வரவேண்டிய இடத்துல வரிசையா "நாட் எ நம்பர்". ஃப்ளோட்16-ல 65,504-க்கு மேல எண்ணே கிடையாதுன்னு அப்பதான் தெரிஞ்சுது. கரண்டை மிச்சம் பண்ணப் போய், ஒரு ராத்திரி கரண்ட் மொத்தமும் வீண்.

பிஃப்ளோட்16 இந்தச் சிக்கலுக்குத்தான். அதுவும் 16 பிட்தான். ஆனா அடுக்குக்கு 32 பிட் எண்ணில் இருக்கிற அதே 8 பிட்டை வச்சுக்கிட்டு, துல்லியத்தை விட்டுக்கொடுக்குது. ட்ரெயினிங்குக்கு எல்லைதான் முக்கியம். துல்லியம் கொஞ்சம் குறைஞ்சா தாங்கும். 2017-ல வந்த இரண்டாம் தலைமுறை டிபியு இதைத்தான் பயன்படுத்துது.

அடுத்த தடவை ஒரு சிப் விளம்பரத்துல டெராஃப்ளாப்ஸ் பார்த்து வாயைப் பிளக்காதீங்க. சிப்புக்குள்ள மெமரி எவ்வளவு, வெளியே எத்தனை தடவை போகணும்னு கேளுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.